புது பேண்ட்சா பிளேடு அறுக்கவில்லையா? பல்லைப் பாருங்கள்

2016 டிசம்பரில் வர்தா புயல் எங்கள் தெருவில் சாய்த்த தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கட்டையை, அம்பத்தூரில் இருக்கிற என் பட்டறையில் பல வருடம் காயப்போட்டிருந்தேன். அதைப் பலகையாக அறுக்க வேண்டும் என்றே புது பிளேடு வாங்கி என் 14 அங்குல பேண்ட்சாவில் (வளையமான பிளேடு இரண்டு சக்கரத்தில் சுற்றி மரம் அறுக்கும் மெஷின்) மாட்டினேன். அரை அங்குலம் போவதற்குள் புகை, கருகல் வாடை. எவ்வளவு தள்ளியும் கட்டை நகரவில்லை. மனசு விட்டுப்போயிற்று.

கடைக்கு ஓடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேசைக்கு மேலே தெரியும் பல்லைப் பாருங்கள். நுனி கீழ்நோக்கி இருக்க வேண்டும். எனக்கு மேல்நோக்கி இருந்தது. சுருட்டி வரும் பிளேடைப் பிரிக்கும்போது, உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டுவிடுவது உண்டு. அதைத் தலைகீழாக மாட்டிப் பார்த்துப் பயனில்லை. பல் மேல்நோக்கியே நிற்கும். சட்டையை உள்வெளியாகத் திருப்புவது போல மொத்த வளையத்தையும் முறுக்கித் திருப்ப வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளேடு சட்டென்று துள்ளும்.

திருப்பி மாட்டினேன். அறுத்தது, ஆனால் ஆமை வேகத்தில். காரணம் பல் கணக்கு. நான் வாங்கியது அங்குலத்துக்கு 10 பல். கட்டையோ 6 அங்குல உயரம். அப்படியென்றால் ஒரே நேரத்தில் 60 பல் மரத்துக்குள் இருக்கும். பல்லுக்கு நடுவே இருக்கிற குழியில் தூள் அடைத்துக்கொள்ளும், வெளியே வர வழியில்லை, சூடேறும். மரத்துக்குள் 3 பல்லுக்குக் குறையாமல், 24க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 6 அங்குலக் கட்டைக்கு அங்குலத்துக்கு 3 பல் போதும், மொத்தம் 18தான் ஆகிறது. மெல்லிய பிளைவுட்டுக்கு அந்த 10 பல் பிளேடை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அறுப்பு ஒரு பக்கமாக இழுக்கிறதா? பிளேடு ஆடாமல் இருபுறமும் தாங்கும் பக்கவாட்டு கைடு, பல்லைத் தொடாமல் குழிக்குச் சற்றுப் பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். கைடில் உரசிய பக்கம் பல் மழுங்கிவிட்டால் பிளேடு எதிர்ப்பக்கம் இழுக்கும். அப்புறம் எந்தத் திருகைத் திருகினாலும் சரிப்படாது. பிளேடின் முதுகைத் தாங்கும் பின்புற பேரிங், மெஷின் சும்மா ஓடும்போது பிளேடைத் தொடக்கூடாது. மேல் கைடை மரத்துக்குக் கால் அங்குலம் மேலே வரை இறக்குங்கள். பலகையின் நடுவில் வயிறு தள்ளினால் டென்ஷன் (பிளேடின் இறுக்கம்) குறைவு, இல்லை அவசரமாகத் தள்ளுகிறீர்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று சத்தம் வந்தால் அது பிளேடின் இரு முனையையும் ஒட்டிய வெல்டிங் ஜாயின்ட். பிளேடைக் கழற்றி, ஜாயின்டின் முதுகுப் பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அதற்குத்தான் கடைக்குப் போக வேண்டும். மறுபடி வெல்ட் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.