பிரெஞ்சு சுப்ஜோன்க்திஃபின் இறந்தகால வடிவம்: அமைக்கும் முறையும் ஆளும் முறையும்

பிரெஞ்சு இலக்கணத்தில் எம்பார்ஃபே த்யூ சுப்ஜோன்க்திஃப் எனப்படும் வினைவடிவம், அதாவது விருப்பம், அச்சம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்போது சார்பு வினை ஏற்கும் சுப்ஜோன்க்திஃப் என்ற வினைப்பாங்கின் இறந்தகால வடிவம், இன்றைய பேச்சில் ஏறக்குறைய முற்றிலும் வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டு நாடகத்தையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலையோ மூலத்தில் படிக்க முனைபவர், இதைச் சந்திக்காமல் சில பக்கங்களைக்கூடக் கடப்பது அரிது. ஆகவே இதைக் கற்பவர் இரண்டு வெவ்வேறு திறன்களை இலக்காகக் கொள்வது நல்லது: படிக்கும்போது ஆறு இடங்களுக்குரிய வடிவங்களையும் அடையாளம் காண வேண்டும், எழுதும்போது படர்க்கை ஒருமையை மட்டும் பிழையின்றி எழுதத் தெரிந்தால் போதும். கீழே பிரெஞ்சுச் சொற்கள் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. எழுத்தில் இருந்தும் ஒலிக்காத எழுத்துகள் தேவையான இடங்களில் தனியே சுட்டப்படும்.

பாஸே சேம்ப்ல் என்னும் எளிய இறந்தகாலத்தை அறிந்தவருக்கு, இவ்வடிவத்தை அமைப்பதற்காகப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. எந்த வினையாயினும் அதன் பாஸே சேம்ப்ல் முன்னிலை ஒருமையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்போதும் எஸ் எழுத்தில் முடியும். அந்த எஸ் ஒலிக்காது. பார்லே, அதாவது ‘பேசு’ என்ற வினைக்கு அவ்வடிவம் ‘த்யூ பார்லா’. இதனோடு மேலும் ஓர் எஸ்ஸையும் உரிய விகுதியையும் சேர்த்தால், தன்மை ஒருமை ‘கெ ஜெ பார்லாஸ்’, முன்னிலை ஒருமை ‘கெ த்யூ பார்லாஸ்’, தன்மைப் பன்மை ‘கெ நூ பார்லாசியோன்’, முன்னிலைப் பன்மை ‘கெ வூ பார்லாசியே’, படர்க்கைப் பன்மை ‘கில் பார்லாஸ்’ என்று கிடைக்கும். இந்த ஐந்திலும் எஸ் இரட்டித்தே வரும். ஒற்றை எஸ் இரண்டு உயிரெழுத்துகளுக்கு இடையே நின்றால் அதிர்வொலியாக மாறிவிடும் என்பதால், இரட்டிப்பை மறந்து எழுதினால் எழுத்துப்பிழையோடு ஒலிப்பிழையும் சேரும்.

எஞ்சியிருப்பது படர்க்கை ஒருமை. இங்கே எஸ் இல்லை. மாறாக உயிரெழுத்தின் மேல் சிர்கோன்ஃப்ளெக்ஸ் என்னும் கூரைக்குறியும், இறுதியில் ஒலிக்காத ‘தே’ (t) எழுத்தும் வரும்: ‘கில் பார்லா’. பழைய பிரெஞ்சில் இவ்விடத்திலும் ஓர் எஸ் இருந்தது. அது ஒலிப்பில் தேய்ந்து மறைந்ததன் அடையாளமே இந்தக் கூரைக்குறி. பார்லே போன்ற முதல் வகை வினைகளின் பாஸே சேம்ப்ல் படர்க்கை ஒருமையில் ‘தே’ இல்லாததால், அவற்றில் குறி, ‘தே’ ஆகிய இரண்டையும் சேர்க்க வேண்டும். மற்ற வினைகளில் ‘தே’ முன்னரே இருப்பதால் குறியை மட்டும் இட்டால் போதும். ஒலியில் இவ்விரு காலங்களுக்கும் படர்க்கை ஒருமையில் வேறுபாடே இல்லை என்பதை நினைவில் கொள்க. காதால் கேட்டு எழுதுபவருக்கு வாக்கிய அமைப்பைத் தவிர வேறு துணை கிடையாது.

பாஸே சேம்ப்ல் நான்கு உயிரொலிகளில் ஒன்றை ஏற்கும் என்பதால், இவ்வடிவமும் நான்கு வகைப்படும். முதல் வகை வினைகள் அனைத்தும் ‘ஆ’ ஒலியை ஏற்கும். ஃபினிர் (முடி), ஃபேர் (செய்), வுவார் (காண்), ப்ரோந்த்ர் (எடு), எக்ரீர் (எழுது) போன்றவை ‘இ’ ஒலியை ஏற்று, ஃபினிஸ், ஃபிஸ், விஸ், ப்ரிஸ், எக்ரிவிஸ் என வரும். எத்ர் (இரு), ஆவுவார் (உடைமை கொள்), புவுவார் (இயலு), சாவுவார் (அறி), லீர் (படி), கூரீர் (ஓடு), மூரீர் (இற) ஆகியவை ‘யூ’ ஒலியை ஏற்று, ஃப்யூஸ், யூஸ், ப்யூஸ், ஸ்யூஸ், ல்யூஸ், கூர்யூஸ், மூர்யூஸ் என வரும். வெனீர் (வா), தெனீர் (பிடி) ஆகிய இரண்டும் அவற்றிலிருந்து பிறந்தவையும் மட்டும் மூக்கொலி பெற்று வேன்ஸ், தேன்ஸ் என்று நிற்கும்.

கற்பவர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான்: இறந்தகால எச்சத்தின் ஒலியை வைத்து இந்த உயிரொலியை ஊகிக்க முயல்கிறார்கள். ரோந்த்ர் (திருப்பிக் கொடு) என்பதன் எச்சம் ‘ரோந்த்யூ’. ஆனால் அதன் பாஸே சேம்ப்ல் ‘ரோந்தி’, ஆகவே நமக்கு வேண்டியது ‘ரோந்திஸ்’. வுவார் என்பதன் எச்சம் ‘வ்யூ’, வடிவமோ ‘விஸ்’. மறுபுறம், மூரீர் என்பதன் எச்சமான ‘மோர்’ எந்த உயிரொலியையும் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே எச்சத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, பாஸே சேம்ப்லை மட்டுமே அடிப்படையாகக் கொள்வதுதான் பாதுகாப்பான வழி. க்ளோர் (மூடு), த்ரேர் (பால் கற) போன்ற சில வினைகளுக்குப் பாஸே சேம்ப்லே இல்லை என்பதால் இந்த வடிவமும் இல்லை. ஆயீர், அதாவது ‘வெறு’ என்ற வினை, தன் இரட்டைப்புள்ளிக் குறியை விடாமல் வைத்திருப்பதால் படர்க்கை ஒருமையில் கூரைக்குறியை ஏற்பதில்லை.

ஃபினிரும் அதன் வழி நடக்கும் ஏராளமான வினைகளும் ஒரு தனிச் சிக்கலைத் தருகின்றன. இவற்றில் நிகழ்கால சுப்ஜோன்க்திஃபும் இறந்தகால சுப்ஜோன்க்திஃபும் படர்க்கை ஒருமை நீங்கலாக எல்லா இடங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ‘கெ ஜெ ஃபினிஸ்’ என்பது எக்காலம் என்பதை முதன்மை வினையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ‘கில் ஃபினிஸ்’, ‘கில் ஃபினி’ ஆகிய இரண்டில் மட்டுமே வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும்.

இனி, எங்கே பயன்படுத்துவது என்ற வினா. சுப்ஜோன்க்திஃபை வேண்டி நிற்கும் காரணங்கள், அதாவது விருப்பம், அச்சம், ஐயம், கட்டாயம், சில இணைப்புச்சொற்கள் ஆகியவை, இங்கே மாறுவதில்லை. முதன்மை வினையின் காலமே மாறுகிறது. ‘அவள் புறப்பட வேண்டியிருக்கிறது’ என்பதையும் ‘அவள் புறப்பட வேண்டியிருந்தது’ என்பதையும் சொல்லும்போது தமிழில் ‘புறப்பட’ என்ற எச்சம் அசைவதில்லை. மரபுவழிப் பிரெஞ்சில் அதுவும் அசையும்: முன்னது ‘இல் ஃபோ கெல் பார்த்’, பின்னது ‘இல் ஃபாலே கெல் பார்தி’. முதன்மை வினை இறந்தகாலத்திலோ நிபந்தனை வடிவத்திலோ நின்று, சார்பு வினை அதே வேளையிலோ அதற்குப் பின்னரோ நிகழ்வதாக இருந்தால், இறந்தகால சுப்ஜோன்க்திஃப் வர வேண்டும் என்பதே மரபு விதி. ‘அவர் நோயுற்றிருப்பாரோ என்று அஞ்சினேன்’ என்பது ‘ஜெ க்ரெஞே கில் நெ ஃப்யூ மாலாத்’ என்றாகும். ‘வரைபடம் படிக்கத் தெரிந்த வழிகாட்டி ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன்’ என்பதில், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாத நிலையானால் ‘கி ஸ்யூ’ என்று எழுத வேண்டும். குறிப்பிட்ட ஒருவரையே மனத்தில் வைத்துத் தேடியிருந்தால் சாதாரண இறந்தகாலமான ‘கி சாவே’ போதும்.

சார்பு வினை முதன்மை வினைக்கு முன்னரே முடிந்துவிட்டதாயின், ஆவுவார் அல்லது எத்ர் என்ற துணைவினையை இதே வடிவத்தில் வைத்து, முதன்மைப் பொருள் தரும் வினையை எச்சமாக்க வேண்டும்: ‘கில் யூ பார்லே’, ‘கில் ஃப்யூ பார்தி’. இந்தக் கூட்டுவடிவம் சுப்ஜோன்க்திஃபின் வேலையை விட்டு விலகி, நடவாத நிகழ்ச்சியைச் சொல்லும் நிபந்தனை வடிவத்திற்கு மாற்றாகவும் நிற்கும். ‘ஓன் யூ தி’ என்று கண்டால் ‘என்றே சொல்லத் தோன்றியிருக்கும்’ என்று பொருள் கொள்ளுங்கள். அங்கே சுப்ஜோன்க்திஃபுக்கான காரணத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி இடறும் ஓரிடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ‘ஆவான் கெ’, அதாவது ‘முன்னர்’, சுப்ஜோன்க்திஃபை ஏற்கும். ‘ஆப்ரே கெ’, அதாவது ‘பின்னர்’, மரபுப்படி ஏற்காது. எனவே ‘ஆவான் கில் ஃப்யூ பார்தி’ என்பதில் கூரைக்குறி வேண்டும். ‘ஆப்ரே கில் ஃப்யூ பார்தி’ என்பதில் கூடாது. ஒலி ஒன்றே என்பதால் அச்சான நூல்களிலும் இந்தப் பிழையைக் காணலாம். ஐயம் எழுந்தால் அந்த வினையைப் பன்மைக்கு மாற்றிப் பாருங்கள்: ‘ஃப்யூர்’ பொருந்தினால் பாஸே சேம்ப்ல், குறி வேண்டாம், ‘ஃப்யூஸ்’ பொருந்தினால் சுப்ஜோன்க்திஃப், குறி கட்டாயம். ஆனால் கூரைக்குறியைக் கண்டதுமே சுப்ஜோன்க்திஃப் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பாஸே சேம்ப்லின் தன்மைப் பன்மையும் முன்னிலைப் பன்மையும், ‘நூ ஃப்யூம்’, ‘வூ ஃப்யூத்’ என்பன போல, அதே குறியைத் தாங்கி வருகின்றன.

இன்றைய வழக்கில் இவ்வளவும் கட்டாயமில்லை. பிரான்சின் கல்வி அமைச்சு 1901 பிப்ரவரி 26 அன்று வெளியிட்ட ஆணை, முதன்மை வினை நிபந்தனை வடிவத்தில் இருக்கும்போது நிகழ்கால சுப்ஜோன்க்திஃபை எழுதுவதைத் தேர்வுகளில் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்றது. 1976 டிசம்பர் 28 ஆணை அந்தச் சலுகையை இறந்தகால முதன்மை வினைக்கும் விரித்தது. ஆகவே ‘அவர் வர வேண்டும் என்று விரும்பினேன்’ என்பதை ‘ஜெ வூலே கில் வியென்’ என்று பேசுவதும் எழுதுவதும் முற்றிலும் சரி. உரையாடலில் ‘கில் வேன்’ என்றால் கேட்பவர் புன்னகைப்பார். ‘கெ ஜெ ஸ்யூஸ்’, ‘கெ ஜெ ப்யூஸ்’ போன்றவற்றைச் சொன்னால் உரக்கவே சிரிக்கக்கூடும், ஏனெனில் முன்னது சப்புதலையும் பின்னது தெள்ளுப்பூச்சியையும் குறிக்கும் சொற்களோடு ஒலியில் ஒன்றிவிடுகிறது. கடந்த காலத்தைப் பாஸே சேம்ப்லில் சொல்லிச் செல்லும் கதையிலோ வரலாற்றுக் கட்டுரையிலோ மட்டும் ஃப்யூ, யூ, வேன் போன்ற படர்க்கை ஒருமை வடிவங்களைத் தயக்கமின்றி ஆளலாம். ‘பார்லாசியோன்’ போன்ற நீண்ட பன்மை வடிவங்களை, தேர்ந்த எழுத்தாளர்களே வாக்கியத்தை மாற்றியமைத்துத் தவிர்த்துவிடுகிறார்கள்; கற்பவரும் அவ்வாறே செய்யலாம்.

உறைந்த தொடர்கள் சிலவற்றில் இவ்வடிவம் இன்றும் உயிரோடிருக்கிறது. ‘ஃப்யூ ஸ்’ என்பது ‘அது … ஆக இருந்தாலும்’ என்றும், ‘நெ ஃப்யூ ஸ் கெ’ என்பது ‘குறைந்தது இதற்காகவேனும்’ என்றும் பொருள்படும். ‘த்யூ தில்’ என்று வினை முன்வந்து எழுவாய் பின்வந்தால், ‘அவன் … நேர்ந்தாலும்கூட’ என்று கொள்ள வேண்டும். 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ‘இ’, ‘யூ’ எழுத்துகளின் மேலுள்ள கூரைக்குறியைப் பெரும்பாலான சொற்களிலிருந்து நீக்கலாம் என்று அனுமதித்தபோதும், பாஸே சேம்ப்லின் பன்மை வடிவங்களுக்கும் சுப்ஜோன்க்திஃபின் இவ்வடிவங்களுக்கும் விலக்கு அளித்தது. ஆகவே புதிய எழுத்துமுறையைப் பின்பற்றுபவரும் இத்தொடர்களைக் குறியுடனேயே எழுத வேண்டும்.