கொழுகொழுவென்று வளரும் பிள்ளை: எடையை எப்படிக் கவனிப்பது?

குண்டாக இருப்பதையே ஆரோக்கியத்தின் அடையாளமாகக் கொண்டு கொஞ்சும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை; அதனால்தான் பிள்ளையின் எடை கூடுவதைக் கடைசியாகக் கண்டுகொள்பவர்கள் பெரும்பாலும் பெற்றோராகவே இருக்கிறார்கள். கண்ணளவை நம்பாமல் முதலில் அளந்து பாருங்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். ஒன்பது வயதுப் பையன் 130 செ.மீ. உயரமும் 38 கிலோ எடையும் இருந்தால் அந்த எண் 22.5. பெரியவர்களுக்கு அது இயல்பானதே. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடப்படி ஒன்பது வயதில் அது உடல்பருமன். ஆகவே வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வரைபடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வருவது நல்லது.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால், அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்க வேண்டாம். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

“தைராய்டாக இருக்குமோ?” என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஹார்மோன் கோளாற்றால் பருமனாகும் பிள்ளைகள் மிகச் சிலரே, அவர்களுக்குப் பெரும்பாலும் உயரமும் குன்றியிருக்கும். பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் வயதுக்கு ஏற்ற உயரத்தோடு பருமனாகவும் வளரும் பிள்ளையின் விஷயத்தில், பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவு உணவு வரையுள்ள நான்கு மணி நேரத்தை ஒரு வாரம் கவனித்து எழுதி வைத்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். டியூஷனுக்கு முன் ஒரு சிப்ஸ் பாக்கெட், கைப்பேசியைப் பார்த்தபடி பிஸ்கட், சாப்பாடு தயாராகும்வரை இன்னும் கொஞ்சம் முறுக்கு என்று அது நீளும். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

குடிப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 250 மி.லி. கோலாவில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பாலில் கலக்கும் சத்துமாவு டப்பாவைத் திருப்பி, 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்ற வரியைப் படியுங்கள். விளம்பரத்தில் வரும் சொற்களைவிட அந்த ஒரு வரியையே நம்பலாம். பழச்சாற்றுக்குப் பதில் பழமாகவே கொடுங்கள்.

வளரும் பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. எடை அதிகம் கூடாமல் உயரம் மட்டும் வளர்ந்தாலே பலருக்குப் போதும். கடையில் வாங்கி வந்து அலமாரியில் ஒளிப்பதைவிட வாங்காமலிருப்பது எளிது. பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போதே சுண்டலும் மோரும் தயாராக இருந்தால் பாக்கெட்டைத் தேடுவது குறையும். “இன்னும் ஒரு வாய்” என்று தட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடி விளையாட வேண்டும். டியூஷன் அதற்குக் குறுக்கே நின்றால் டியூஷன் நேரத்தை மாற்றுங்கள். பள்ளி வயதில் ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

இவையெல்லாம் வீட்டில் ஒல்லியாக இருக்கும் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான். ஒருவனை மட்டும் தனியே உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தால் அவன் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வான். தாத்தாவிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: மாலையில் அவர் வாங்கி வரும் பையில் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு கொய்யாப்பழம் இருக்கட்டும்.