சர்க்கரை, தைராய்டு மருந்துகளுடன் வெளிநாட்டில் குடியேறும் டெல்டாக்காரர்களுக்கு

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி பக்கத்திலிருந்து பிள்ளைகளிடமோ வேலைக்கோ வெளிநாடு சென்றிருப்பவர்களில் பலர், பெட்டியின் ஒரு மூலையில் மூன்று மாதத்துக்கான சர்க்கரை மாத்திரைகளையும், சிலர் இன்சுலினையும், பெண்களில் கணிசமானோர் தைராய்டு மாத்திரைக் குப்பியையும் கொண்டு சென்றிருப்பார்கள். கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதே என் வேலை. புறப்படுவதற்கு முன் எங்களிடம் வந்து கேட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவு. போய் இறங்கிய பிறகு குழம்பிப்போய் அழைப்பவர்களே அதிகம். அப்படி அழைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, மருந்து அதேதான் என்றாலும் அதன் பெயரும், அளவைச் சொல்லும் முறையும், ஊசிக்குழலும், சாப்பாட்டு நேரமும் அங்கே வேறு என்பதைத்தான்.

பெயரிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் காலி அட்டையை மருந்துக் கடையில் நீட்டினால் போதும், அடுத்த அட்டை வந்துவிடும். வெளிநாடுகள் பெரும்பாலானவற்றில் அந்த நாட்டு மருத்துவரின் சீட்டு இல்லாமல் சர்க்கரை மாத்திரை கிடைக்காது. அந்த மருத்துவருக்கு நம் ஊர் வணிகப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. கிளைக்கோமெட் ஜிபி 1 என்று நீங்கள் சொல்வது உண்மையில் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மினும் 1 மில்லிகிராம் கிளிமிப்பிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. பிரிட்டனில் இவை இரண்டும் தனித்தனி மாத்திரைகளாகவே வரும். ஒன்று இரண்டாகிவிட்டதே என்று பதறி ஒன்றை விட்டுவிட வேண்டாம். இங்கே மலிவாகக் கிடைக்கும் சர்க்கரை மாத்திரைகளான வோக்லிபோஸ், டெனிலிக்ளிப்டின் ஆகியவை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் இல்லாததால், மருத்துவர் வேறொன்றை எழுதித் தருவார். தைராய்டு மிகையாகச் சுரப்பதற்காக இங்கே கார்பிமசோல் சாப்பிட்டவருக்கு அமெரிக்காவில் மெத்திமசோல் கொடுப்பார்கள். இரண்டின் மில்லிகிராம் அளவும் ஒன்றல்ல என்பதால் பழைய எண்ணை அப்படியே கேட்டு வாங்கக் கூடாது.

ஆகவே மருந்தின் பொதுப்பெயர், வலிமை, வேளை மூன்றும் தட்டச்சு செய்யப்பட்ட மருத்துவர் கடிதம் ஒன்று கட்டாயம் வேண்டும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கிவந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: அந்த அட்டைகளில் பொதுப்பெயரே அச்சாகியிருக்கும். கடையில் பத்தில் ஐந்தாகக் கத்தரித்துக் கொடுத்த அட்டைகளில்தான் சிக்கல். பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடம் தங்கிவிட்ட பாதியில் இருக்கும். எல்லா மாத்திரைகளையும் உரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு வருவது அதைவிட மோசம். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா எதுவானாலும் சொந்த உபயோகத்துக்குச் சுமார் மூன்று மாத அளவுதான் பொதுவாக அனுமதி என்பதால், இறங்கிய முதல் மாதத்திலேயே உள்ளூர் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மாத்திரை தீர்ந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், குறை தைராய்டுக்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழ் பெறத் தகுதியுள்ளவர்கள். குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ததும் எஃப்பி92ஏ என்ற படிவத்தைக் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்துவிட்டால் மற்ற நோய்களுக்கான மருந்துக்கும் கட்டணம் இல்லை. நம்மவர்கள் பலர் இது தெரியாமல் ஒவ்வொரு மாதமும் பணம் கட்டுகிறார்கள். கனடாவுக்கு சூப்பர் விசாவில் போகும் பெற்றோர் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது எந்த நிபந்தனையில் பணம் தரும் என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு முதலாளி எடுக்கும் கட்டாயக் காப்பீடு மருத்துவமனையில் சேர்வதற்கும் அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்குமானது. மாதாந்தர சர்க்கரை மாத்திரையை அது தரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அடுத்தது எண்கள். இந்தியாவில் ரத்தச் சர்க்கரையை ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம், அமெரிக்காவிலும் அப்படியே. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. அங்கே வாங்கிய கருவியில் 6.2 என்று காட்டினால் நம் கணக்கில் அது ஏறத்தாழ 112. பதினெட்டால் பெருக்கினால் போதும். 3.9 என்பது 70, 10 என்பது 180. தொலைபேசியில் "இன்னைக்குப் பதிமூணுதான்" என்று அம்மா சொல்ல, ஊரிலிருக்கும் அண்ணன் "அவ்வளவு கம்மியா, உடனே சர்க்கரைத் தண்ணி குடி" என்று யோசனை சொன்ன கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அந்தப் பதிமூன்று நம் கணக்கில் 234. மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் பிரிட்டனில் வேறு அலகில் வரும்: 7 சதவீதம் அங்கே 53, 8 சதவீதம் 64. குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு கணக்கையும் எதிரெதிரே எழுதி ஒட்டிவைப்பது, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மிகவும் உதவும்.

இன்சுலின் போடுகிறவர்கள் அடுத்து வரும் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். நம் ஊரில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. அதற்கென்றே சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்ச் விற்கிறார்கள். வெளிநாடுகளில் வழக்கம் 100 யூனிட், சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். இரண்டையும் மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தால் மூடியைத் தவிர வேறு வித்தியாசம் கண்ணுக்குப் படாது. ஆனால் கோடுகளின் கணக்கு முற்றிலும் வேறு. ஊரிலிருந்து கொண்டுபோன யு-40 இன்சுலினை அங்கே வாங்கிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற எண்வரை ஏற்றினால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் பிடிபடாது. தலைகீழாக நடந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே எழுதிக் கொடுத்த யு-100 இன்சுலினை ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை ஏற்றினால் போவது 50 யூனிட், அதாவது வேண்டியதைப் போல் இரண்டரை மடங்கு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது யு-100 குப்பியைக் கொண்டுவந்து, கடைத்தெருவில் "இன்சுலின் சிரிஞ்ச் ஒண்ணு குடுங்க" என்று பொதுவாகக் கேட்டு வாங்குபவர்களுக்கும் இதே ஆபத்து காத்திருக்கிறது.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எத்தனை யூனிட் போடுகிறீர்கள் என்று கேட்டால் "இருவது கோடு சிஸ்டர்" என்றுதான் நம் பெண்கள் பதில் சொல்வார்கள். யு-40 சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட் என்பதால் அந்தப் பேச்சில் இதுவரை தவறு நேரவில்லை. ஒரு மில்லிலிட்டர் யு-100 சிரிஞ்சிலோ பெரும்பாலும் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட். ஆகையால் கோடு என்ற சொல்லையே விட்டுவிட்டு, யூனிட் எண்ணை மட்டும் சொல்லப் பழகுங்கள். என்னைக் கேட்டால், வெளிநாடு போவது உறுதியானதுமே மருத்துவரிடம் சொல்லி இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுவதே உத்தமம். இங்கே விற்கும் பேனாக்களில் வழக்கமாக இருப்பதும் யு-100தான் என்பதாலும், திருகி வைக்கும் எண்ணே யூனிட் என்பதாலும் இந்தக் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. பேனாவில் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, முதலில் இரண்டு யூனிட் வெளியே தள்ளி, நுனியில் துளி வருவதைப் பார்த்த பிறகே போட வேண்டும். குத்தி அழுத்திய பின் பத்து எண்ணும்வரை ஊசியை உருவக் கூடாது. கலங்கலான கலவை இன்சுலின் என்றால் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. பிரிட்டனுக்குச் செல்பவர்கள் மிக்ஸ்டார்ட் 30 என்ற கலவை இன்சுலினைக் கேட்டால் கிடைக்காது. 2010 இறுதியிலேயே அங்கே அதை நிறுத்திவிட்டார்கள். அதே 30/70 கலவை வேறு பெயரில் உண்டு.

நோயாளியின் வயிற்றை விரல்நுனியால் தடவிப் பார்ப்பது எங்கள் பரிசோதனையில் ஒரு பகுதி. தொப்புளுக்கு இரு பக்கமும், கைக்கு எட்டும் அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் குத்தியவர்களுக்குத் தோலுக்கடியில் மெத்தென்று கட்டி புடைத்திருக்கும். அங்கே வலி தெரியாது என்பதால் அந்த இடத்தையே அவர்கள் விரும்புவார்கள். ஆனால் இன்சுலின் அங்கிருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. புதிய நாட்டில் செவிலியர் இடத்தை மாற்றச் சொன்னால் அன்றே மாற்றுங்கள். கூடவே, நல்ல சதையில் போட்டதும் அதே அளவு இன்சுலின் திடீரென்று அதிகமாக வேலை செய்யும் என்பதால், அளவைக் குறைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் அனுபவம் முழுவதும் வெயிலோடும் மின்வெட்டோடும் பழகியது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இன்சுலினை வைப்பது டெல்டா கிராமங்களில் இன்றும் சரியான வழிதான். வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகவே வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தாலே மருந்து கெடும். கனடா, பிரிட்டன் போன்ற இடங்களில் ஆபத்து உறைபனிப் பக்கமிருந்து வருகிறது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படாது. ஆகவே உறைபெட்டிக்கு ஒட்டிய தட்டிலும், குளிர்காலத்தில் வண்டிக்குள்ளும், விமானத்தில் சரக்குப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. திறக்காதது 2 முதல் 8 டிகிரி வரை இருக்கட்டும். பயன்பாட்டில் உள்ள பேனா சாதாரண அறை வெப்பத்தில் பெரும்பாலும் 28 நாள் தாங்கும். பயன்படுத்திய ஊசிகளுக்கு பிரிட்டனில் மஞ்சள் நிறப் பெட்டி தருவார்கள். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

தைராய்டு மாத்திரைக்கு எதிரி நம் ஊரின் பெருமையான காபிதான். விடிந்ததும் டபராவில் ஆற்றிய டிகிரி காபியோடு தைரோநார்மை விழுங்குகிறவர்களுக்கு மருந்தின் ஒரு பகுதி உறிஞ்சப்படாமலே போகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருந்து காபி குடிக்க வேண்டும். குளிர்நாடுகளுக்குப் போனதும் கால்சியம் மாத்திரை புதிதாகச் சேர்ந்துகொள்ளும். அதற்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே ரத்தத்தில் பார்க்க முடியும் என்பதால், பத்தாம் நாளே பலன் தெரியவில்லை என்று சோர வேண்டாம். கார்பிமசோலோ மெத்திமசோலோ சாப்பிடுகிறவருக்குத் தொண்டை வலியுடன் காய்ச்சல் வந்தால் அதைப் பருவக் காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்லி ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும்.

சர்க்கரை திடீரென்று இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியது வேலைக்குப் போயிருக்கும் இளைஞர்களுக்கு. விடுதிகளில் கேட்டரிங் சாப்பாடு விடியற்காலையிலேயே பொட்டலமாக வந்துவிடும். அதைக் கட்டிக்கொண்டு போய் எப்போது சாப்பிடக் கிடைக்கிறதோ அப்போதுதான் சாப்பாடு. ஊரில் ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்கு இட்லி என்றிருந்த பழக்கத்தில் கிளிமிப்பிரைடை ஏழு மணிக்கே விழுங்கிவிட்டு, சாரத்தில் ஏறி வேலை பார்க்கையில் சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பாட்டைப் பார்த்து மாத்திரை போடுங்கள். அந்த வேளைச் சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை. ஏகாதசி, கந்த சஷ்டி, ரமலான் நோன்பு இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வேளையையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். வேர்வை, படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தவுடன் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் சாப்பிட்டு, கால் மணி கழித்து மறுபடி பரிசோதித்து, பிறகு சாப்பிடுங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் மாத்திரையே இருக்க வேண்டும். பிரிட்டனில் இன்சுலின் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்கள் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும், கிளம்புவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பார்ப்பதும் கட்டாயம். 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும்.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து எதுவும் உள்ளே தங்காத நாளில் மெட்ஃபார்மினையும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டும். பின்னதை எடுப்பவர்களுக்கு, கருவி சாதாரண அளவைக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். இன்சுலினை மட்டும், சாப்பிடவில்லை என்ற காரணத்துக்காக, நாமே முற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளும் அதைத் திடீரென்று விடக் கூடாது. காய்ச்சல் நாளில் அளவைக் கூட்ட வேண்டியும் வரும். "நாட்டு மருந்து" என்று பெயரில்லாமல் மடித்துக் கொடுத்த வலிப்பொடியைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்: சிங்கப்பூரில் 995, பிரிட்டனில் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, அமீரகத்தில் 998. ஆங்கிலம் வராதவர்களும் "டயபெடிக், இன்சுலின், அன்கான்ஷியஸ்" என்ற மூன்று சொற்களையும் வீட்டு முகவரியையும் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.