த்ராட்டில் பாடியை நாமே சுத்தம் செய்யலாம், ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள்

திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்து நெரிசலில் ஏ.சி.யைப் போட்டதும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) விழுந்து வண்டி அணைந்துபோகிறதா? என் காரிலும் இதே கதைதான். பெட்ரோல் பம்ப், பிளக் எல்லாம் சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது த்ராட்டில் பாடி, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கூட்டிக் குறைக்கும் பகுதி. பெரும்பாலும் அதன் விளிம்பில் கரி படிந்திருக்கும்.

கார்புரேட்டர் மாருதி 800-ல் பழகிய கை முதலில் ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேடும். அதில் நியாயம் உண்டு. கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து, ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோல் இழுபடுகிறது. ஸ்க்ரூவைத் திருகினால் கலவையே மாறும். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும்போது காற்று லேசாகிவிடும், ஜெட்டுக்கு அது தெரியாது. பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் மந்தமாகும். கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் த்ராட்டில் பாடி வழியே போவது காற்று மட்டுமே. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கைச் சென்சார்களை வைத்து எஞ்சினின் கணினியான இ.சி.யு. பார்த்துக்கொள்கிறது. கலவையைத் திருத்த த்ராட்டில் பாடியில் திருகு கிடையாது. அங்கே தெரிகிற சின்ன ஸ்க்ரூ, தகடு எங்கே நிற்க வேண்டும் என்று கம்பெனியில் வைத்து அனுப்பியது.

இனி வேலை. எஞ்சின் ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வருகிற ஓஸின் கிளிப்பைத் தளர்த்தி ஓஸை உருவினால் வட்டத் தகடு தெரியும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், உள்ளே வெள்ளமாகப் பாய்ச்ச வேண்டாம். கார்புரேட்டர் கிளீனர் விலை குறைவென்று அதை வாங்காதீர்கள். சில தகடுகளின் விளிம்பில் மெல்லிய பூச்சு இருக்கும், காரமான கிளீனர் அதை அரித்துவிடும். பழைய பனியன் துணியைவிட நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணிதான் என் தேர்வு.

ஆக்ஸிலேட்டர் கேபிள் தகட்டை இழுக்கிற வகையானால் கேபிளைக் கையால் இழுத்து, தகட்டைத் திறந்து பின்பக்கமும் துடைக்கலாம். எலக்ட்ரானிக் வகையில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், அதை அசைப்பது மோட்டாரும் பற்சக்கரமும். முன்பக்கத்தையும் விளிம்பையும் துடைத்தால் போதும். பின்பக்கமும் மோசமென்றால் முழுசாகக் கழற்றி, இடுக்கில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு மாட்ட வேண்டும்.

ஓஸை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உறுமிக்கொண்டு ஐடிலிங் மேலேயே நிற்கலாம். என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். இது கோளாறு இல்லை. கரி படியப் படிய காற்றுவழி சுருங்கியது, ஐடிலிங் விழாமலிருக்க இ.சி.யு. வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து பழகியிருந்தது. இப்போது வழி சுத்தம், பழக்கம் மட்டும் மாறவில்லை. இந்த நேரத்தில்தான் பக்கத்தில் நிற்கிறவர், "அந்த ஸ்க்ரூவ ரெண்டு சுத்து குறைச்சு விடுங்க அண்ணாச்சி" என்பார். கேட்காதீர்கள். ஏ.சி., லைட் எல்லாவற்றையும் அணைத்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு ஏ.சி.யைப் போட்டு இன்னும் சற்று நேரம். பெரும்பாலான வண்டிகள் இதிலேயே புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும். சில மாடல்களுக்கு இ.சி.யு.வோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியை வைத்துத்தான் கற்பிக்க முடியும். ஓரிரு நாள் ஓட்டியும் இறங்கவில்லையென்றால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: பேட்டரியைக் கழற்றியதும் ஸ்டீரியோ ரகசிய எண் (code) கேட்பதாக வள்ளியூர் நண்பர் எழுதியிருந்தார். கழற்றுவதற்கு முன்பே கையேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: திசையன்விளைக்காரர் ஒருவருக்குச் சுத்தம் செய்த கொஞ்ச நாளிலேயே உள்ளே செம்மண் தூசி. ஓஸ் கிளிப் சரியாக இறுகவில்லை. ஆடிக் காற்றில் தேரி மணல் பறக்கிற ஊரில் அந்த இடைவெளி வழியே வருவது ஃபில்டரைப் பார்க்காத காற்று, நேராக சிலிண்டருக்குப் போய் சுவரைத் தேய்க்கும். கிளிப்பை இறுக்கிவிட்டு ஓஸைக் கையால் திருகிப் பாருங்கள், துளியும் அசையக் கூடாது. ஓஸில் வெடிப்பு இருந்தால் டேப் சுற்றாமல் புதிதாக மாற்றுங்கள்.