பயிற்சிப் பாட ஸ்கிரீன்ஷாட்டில் ரகசியத் தகவலை மறைப்பது எப்படி?

மென்பொருள் பயிற்சிக் கையேட்டுக்குப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நிஜ வாடிக்கையாளர் விவரம் உள்ள திரையை அப்படியே பிடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறைக்கிறார்கள். இதில் இரண்டு தொல்லை. எங்காவது ஒன்று கண்ணில் படாமல் தப்பிவிடும். ஒன்றும் தப்பாமல் மறைத்தால் படம் முழுக்கக் கறுப்புத் திட்டாகி, எந்தப் பெட்டியில் என்ன நிரப்புவது என்றே படிப்பவருக்குத் தெரியாது. அதனால் மறைக்க வேண்டியதைத் திரைக்கே வரவிடாமல் செய்வதுதான் முதல் வேலை.

எடுப்பதற்கு முன்

டெமோ கணக்கு ஒன்றைத் தொடங்கிப் போலி விவரங்களை நிரப்புங்கள். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம் டொமைனைப் போடுங்கள். அது எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டது, யாரும் வாங்க முடியாது. வாய்க்கு வந்த டொமைனை எழுதினால் அது யாரோ ஒருவருடைய நிஜ முகவரியாக இருந்துவிடலாம். ஐபி முகவரிக்கு 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் மூன்று தொகுதிகள் ஆவணங்களுக்காகவே இருக்கின்றன. கார்டு எண்ணுக்கு, உங்கள் பேமெண்ட் சேவை சோதனைக்கென்று தரும் எண்ணைப் பயன்படுத்துங்கள். போலிப் பெயர்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு பாடம் முழுக்க அவற்றையே போடுங்கள். 3ஆம் படத்தில் ஆர்டர் கொடுத்தவர் 7ஆம் படத்தில் வேறு பெயரில் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

டெமோ கணக்குக்கு வழியில்லை, ஆனால் அது பிரவுசரில் ஓடும் செயலி என்றால் இன்னொரு வழி உண்டு. மாற்ற வேண்டிய பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுங்கள். எலிமெண்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயரை டபுள் கிளிக் செய்து, போலிப் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். மாற்றம் உங்கள் திரையோடு சரி; பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பழையபடி ஆகிவிடும். எழுத்துருவும் இடைவெளியும் அசல் போலவே இருப்பதால் எந்த வரைகலைக் கருவியும் இவ்வளவு சுத்தமாகச் செய்யாது. ஆனால் நிரப்பும் பெட்டிக்குள் நேரடியாகப் போலி விவரத்தை அடிப்பது வேறு கதை. தானாகச் சேமிக்கும் செயலியாக இருந்தால் நிஜப் பதிவே மாறிவிடும்.

பலரும் பக்கத்தின் உள்ளே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு ஓரங்களை விட்டுவிடுகிறார்கள். முகவரிப் பட்டையில் வாடிக்கையாளர் ஐடியோ லாகின் டோக்கனோ (பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே விடும் ரகசியக் குறியீடு) இருக்கலாம். பக்கத்து டேப்களின் தலைப்பு, புக்மார்க் வரிசை, மூலையில் உங்கள் படம், கர்சர் ஒரு லிங்கின் மேல் நிற்கும்போது கீழே வரும் முழு முகவரி, தலைப்புப் பட்டையில் பயனர் பெயரோடு வரும் ஃபோல்டர் பாதை, கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் சர்வர் பெயர் என்று பட்டியல் நீளும். இதற்கென்று தனி பிரவுசர் ப்ரொஃபைல் ஒன்றை வைத்துக்கொண்டு, நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிட்டு, திரை முழுவதையும் எடுக்காமல் தேவையான பகுதியை மட்டும் எடுங்கள். விண்டோஸில் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

க்யூஆர் கோடு தனியாகச் சொல்ல வேண்டியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைக்கும் திரையில் வரும் கோடுக்குள் ரகசியச் சாவியே இருக்கிறது. படத்திலிருந்து அதை ஸ்கேன் செய்பவரின் போனிலும் உங்கள் போனில் வரும் அதே 6 இலக்க எண்கள் வரும். பக்கத்திலேயே அந்தச் சாவி எழுத்தாகவும் இருக்கும். க்யூஆர் கோடு படத்தை மட்டும் மறைத்துவிட்டு, எழுத்தில் உள்ள சாவியை விட்டுவிடாதீர்கள்.

மறைத்தே ஆக வேண்டும் என்றால்

ஒளி புகாத ஒரே நிறக் கட்டம் மட்டுமே போடுங்கள். ப்ளரும் (மங்கலாக்குவது) பிக்சலாக்கலும் (சதுரத் துண்டுகளாக்குவது) பார்க்க அழகு, பாதுகாப்பு இல்லை. எழுத்துருவும் அளவும் மற்ற வரிகளிலிருந்து தெரியும் என்பதால், ஒவ்வோர் எழுத்தாக எழுதி, அதையும் அதேபோல் பிக்சலாக்கி, உங்கள் படத்தோடு ஒப்பிட்டால் பொருந்துவது எது என்று தெரிந்துவிடும். இதைத் தானாகவே செய்ய டீபிக்ஸ், அன்ரிடாக்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. எண்கள் என்றால் வேலை இன்னும் சுலபம், ஓரிடத்துக்குப் பத்தே வாய்ப்புதான். போனில் ஹைலைட்டர் பேனாவால் நாலு முறை தேய்ப்பதும் வேண்டாம். அது பாதி ஒளி புகும் மை, பிரைட்னெஸைக் கூட்டினால் அடியில் உள்ளது தெரியும்.

கட்டம் எழுத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். நடுப்பகுதியை மட்டும் மறைத்தால் கொம்பு, சுழி, வால் வெளியே நீட்டிக்கொண்டு எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். பெயருக்கேற்ற நீளத்தில் கட்டம் போட்டால் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடலாம், எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் வையுங்கள். ஒரே எண்ணின் முதல் பாதியை ஒரு படத்திலும் பின்பாதியை இன்னொன்றிலும் மறைத்தால் இரண்டையும் சேர்த்து முழு எண்ணையும் படித்துவிடலாம்.

பாடத்துக்கு ஏற்ற முறை, கறுப்புக்குப் பதில் பின்னணி நிறத்திலேயே கட்டம் போட்டு மேலே போலி விவரத்தை எழுதுவது. பெயிண்டில் கலர் பிக்கரால் பின்னணி நிறத்தை எடுத்து, செவ்வகத்துக்கு அவுட்லைன் வேண்டாம், ஃபில் மட்டும் சாலிட் கலர் என்று வைத்து வரையுங்கள். ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில், செவ்வகத் தேர்வின் ஓரத்தை மங்கலாக்கும் ஃபெதர் வசதியை அணைத்துவிட்டு நிறம் நிரப்பி, எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கும் ஃபிளாட்டன் இமேஜ் கொடுத்து, பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டெலீட் விசையால் அழித்து ஓட்டையாக்க வேண்டாம். ஒளி ஊடுருவும் பிக்சலுக்குள்ளும் பழைய நிற மதிப்பு ஒளிந்திருக்கலாம்.

பவர்பாயிண்டிலோ வேர்டிலோ படத்தின் மேல் வடிவம் வைத்து மறைப்பதுதான் மோசமான பழக்கம். ஃபைலைப் பெறுபவர் அந்த வடிவத்தை இழுத்து நகர்த்தினால் போதும். க்ராப் செய்ததும் இப்படித்தான், வெட்டிய பகுதி ஃபைலுக்குள்ளேயே இருக்கும். பவர்பாயிண்டில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் சென்று வெட்டிய பகுதியை நீக்கும் தெரிவைக் கொடுத்தால்தான் போகும். கூகுள் டாக்ஸில் ரீசெட் இமேஜ் கொடுத்தால் முழுப் படமும் திரும்பி வரும். படக் கருவிகளிலும் இந்தச் சிக்கல் வந்ததுண்டு: பிக்சல் போனின் மார்க்கப் கருவியும் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலும் க்ராப் செய்த படத்தைப் பழைய ஃபைலின் மேலேயே எழுதும்போது அந்தப் பழைய ஃபைலின் மிச்சத்தை வெட்டாமல் விட்டது 2023இல் தெரியவந்து சரிசெய்யப்பட்டது. அவற்றில் க்ராப் செய்து அதற்கு முன் வெளியிட்ட படங்கள் இருந்தால் திரும்ப எடுத்துப் போடுங்கள்.

வீடியோவாக இருந்தால் மறைப்பதைவிடத் திரும்பப் பதிவு செய்வதே மேல். பக்கத்தை ஸ்க்ரோல் செய்யும்போது ஒரே ஒரு ஃபிரேமில் கட்டம் பின்தங்கினாலும், நிறுத்திப் பார்ப்பவருக்கு அது போதும்.

வெளியிடும் முன்னும் பின்னும்

எக்ஸ்போர்ட் செய்த ஃபைலையே திறந்து, 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பிரைட்னெஸைக் கூட்டியும் ஒருமுறை பாருங்கள். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் கருவியில் கொடுத்தால், நீங்கள் கவனிக்காத மூலையில் இருப்பதையும் அது படித்துக் காட்டும். ஃபைல் பெயரிலும், படத்துக்கு எழுதும் விவரிப்பான ஆல்ட் டெக்ஸ்ட்டிலும் வாடிக்கையாளர் பெயர் இருக்கக் கூடாது. மறைக்காத மூலப் படம் விண்டோஸ் 11இல் ஸ்கிரீன்ஷாட்ஸ் ஃபோல்டரில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். கிளவுட் பேக்கப் ஓடினால் அங்கேயும் ஏறியிருக்கும். இரண்டு இடத்திலும் அழியுங்கள்.

பாஸ்வேர்டோ ஏபிஐ கீயோ (ஒரு செயலி இன்னொரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) ஏற்கெனவே வெளியாகிவிட்டதா? படத்தைத் தேடி ஓடாமல் முதலில் அந்தச் சாவியை ரத்து செய்து புதியது எடுங்கள். படத்தை மாற்றுவது அதற்கடுத்த வேலை. மாற்றிய பிறகும், ஃபைல்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றிலும், தேடுபொறி சேமித்து வைத்த இடத்திலும் பழைய பிரதி கிடக்கலாம்.