வேலை மாறும் இடைவெளியில் மருத்துவக் காப்பீடு: நோட்டீஸ் பீரியடிலேயே முடிக்க வேண்டியவை

கம்பெனி தரும் குரூப் மெடிக்கிளெய்ம் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். செட்டில்மென்ட் பணம் வரும்வரை ஓடும் என்று நம்பி இருந்துவிடுபவர்கள் நிறையப் பேர். நம் ஊரில் வழக்கமான மருத்துவ பாலிசிகள் ஓராண்டுக்கானவை. அதனால் "ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஒன்று" என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இருக்கிற வழிகள் இவை.

படி 1: காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

அலுவலக மெயில் முடங்கும் முன்பே குடும்பத்தார் எல்லோருடைய இ-கார்டு, குரூப் பாலிசி எண், இதுவரை எடுத்த கிளெய்ம் விவரம் ஆகியவற்றைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு இருந்தது என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். அடுத்த படிக்கு இதுதான் ஆதாரம்.

படி 2: குரூப்பிலிருந்து தனிநபர் பாலிசிக்கு

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிப்படி, குரூப் பாலிசியை விட்டு வெளியேறும் ஊழியரும் அதில் இருந்த குடும்பத்தினரும் அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ ஃபேமிலி ஃப்ளோட்டருக்கோ (குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகை கொண்ட பாலிசி) மாறலாம். இதற்கு மைக்ரேஷன் என்று பெயர். டி.பி.ஏ.வுக்கு எழுதிப் பயனில்லை. அது கிளெய்ம் பார்க்கும் இடம். நேராக இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே எழுதுங்கள். மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், நாள் பிடிக்கும் என்பதால் கடைசி நாளுக்கு 30 முதல் 45 நாள் முன்பே தொடங்குவது நல்லது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? காத்திருப்புக் காலத்துக்காக. புதிதாக பாலிசி எடுத்தால், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 36 மாதம்வரை காத்திருக்க நேரலாம் (2024-க்கு முன் இந்த உச்சவரம்பு 48 மாதம்). மைக்ரேஷனில் குரூப்பில் கழித்த ஆண்டுகள் கணக்கில் வரும். ஆனால் பழைய தொகை அளவுக்குத்தான். குரூப்பில் 3 ஆண்டு 5 லட்சத்துக்கு இருந்தவர் இப்போது 10 லட்சத்துக்கு எடுத்தால், முதல் 5 லட்சத்துக்கு அந்த 3 ஆண்டும் சேரும். கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். குரூப்பில் இருந்த பிரசவச் செலவு புது பாலிசியிலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல பாலிசிகளில் இருக்காது.

படி 3: இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தவர்கள்

ஏப்ரல்–செப்டம்பரில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி–ஜூனில் சிகிச்சை உண்டு. அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பர். ஆகஸ்டில் வேலையை விட்டவர், முந்தைய அக்டோபர்–மார்ச்சில் 78 நாள் இருந்தால் டிசம்பர்வரை டிஸ்பென்சரிக்குப் போகலாம். வேலை போனதும் கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பமானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பாருங்கள்.

படி 4: புதிதாக எடுப்பதானால்

எளிதாக ஒப்பிட ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொது மாதிரி பாலிசி நல்ல தொடக்கம். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே. ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிலும் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் இல்லை. அதைவிட விலை கூடிய ரூமில் படுத்தால் வாடகை வித்தியாசம் மட்டும் போகாது; டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் நடக்கும் சண்டைகளுக்கு இது ஒரு பெரிய காரணம்.

கையில் பணம் குறைவென்றால் மாதத் தவணை இருக்கிறதா என்று கேளுங்கள். மாதத் தவணைக்குக் கருணைக்காலம் 15 நாள். அதையும் தாண்டினால் பாலிசி போய்விடும். தனிநபர் மருத்துவ பாலிசி பிரீமியத்துக்கு 22 செப்டம்பர் 2025 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. பழைய கணக்கில் 18 சதவீதம் சேர்த்துச் சொல்பவரிடம் திரும்பக் கேளுங்கள்.

படி 5: விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்

"அதெல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறிடும்" என்று ஏஜென்ட் சொன்னாலும் தினமும் போடும் மாத்திரையை எழுதுங்கள். மருத்துவமனையின் பழைய சீட்டில் "5 வருடமாகச் சர்க்கரை" என்று ஒரு வரி இருந்தாலே கிளெய்ம் நின்றுபோகும், பாலிசியும் ரத்தாகலாம். பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்ப நகலைச் சரிபாருங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும்.

மைக்ரேஷன் கேட்டும் பதிலே வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவில் புகார் பதியுங்கள். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம்.

புது வேலை கிடைத்ததும் தனி பாலிசியை நிறுத்தத் தோன்றும். குடும்பத்தில் யாருக்காவது தொடர் நோய் இருந்தால் நிறுத்தாதீர்கள். சேர்த்த காத்திருப்பு ஆண்டுகள் போய்விடும். சேர்ந்த முதல் வாரமே கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் பெயரைப் புது குரூப் பாலிசியில் சேருங்கள். பல கம்பெனிகளில் அந்தப் படிவம் சில வாரங்களுக்குத்தான் திறந்திருக்கும். தவறினால் அடுத்த ரென்யூவல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.