வயதான பெண்களுக்கு ஏற்ற ஜப்பானியக் கரோக்கே பாட்டு

வயது ஏற ஏறப் பெண்களின் குரல் சற்றுத் தாழும். அதனால் ஜப்பானில் பாட்டியையோ மாமியாரையோ கரோக்கேக்கு (பின்னணி இசை ஓட, திரையில் வரும் வரிகளைப் பார்த்து நாமே பாடுவது) அழைத்துப் போனால், முதலில் தைவான் பாடகி தெரசா டெங் 1986-இல் பாடிய 'தோகி நோ நகாரே நி மி ஓ மகாசே' பாட்டைப் போடுங்கள். நிதானமாகப் போகும், மூச்சு வாங்க இடம் கிடைக்கும். 1961-இல் வந்த 'உஎ ஓ முயிதே அருகோ' எல்லாருக்கும் தெரிந்தது. கூடவே நீங்களும் பாடலாம்.

ஜப்பானியப் பாடகி மிசோரா ஹிபாரியின் 'கவா நோ நகாரே நோ யோ நி' பலருக்கும் உயிர். ஆனால் தொடக்கம் மிகத் தாழ்வு, பல்லவி உச்சம். அதை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள், குரல் பதமாகியிருக்கும்.

உச்சம் எட்டவில்லையா? ரிமோட்டில் 'கீ' பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்திச் சுருதியைக் குறையுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அரைச் சுரம் இறங்கும்.